ஓரத்துக்கு வந்த வரி

ஏரிக்குக் கீழ இருந்த ஒரு காட்டுல எல்லா வேலையும் கம்ப்யூட்டர்லதான் நடந்துச்சு. சிரிக்காதீங்க பசங்களா. நம்ம ஊரை விட அங்க ஒழுங்காத்தான் நடந்துச்சு, எலி கெடுக்கிற வரைக்கும்.

அங்க கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத ஒரு விதி. ஒரு வரியை உள்ள தள்ளி எழுதினா, அது மேல் வரி பேச்சைக் கேட்கும். ஓரத்துல எழுதினா யார் பேச்சையும் கேட்காம தானா ஓடும். வரிகளைச் சரியான இடத்துக்குத் தள்ளிவிட புதுசா எடிட்டர்னு ஒரு புரோகிராம் பண்ணியிருந்தாங்க. அதை நம்பலாமான்னு பார்க்கிற வேலையைத் தலைவர் கரடி எலிகிட்ட கொடுத்துச்சு.

"முந்நூறு டெஸ்ட் எழுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு கட்டளை கொடு. அது எப்படித் தள்ளி வரணும்னு விடையும் எழுதி வை. எடிட்டர் அப்படியே தள்ளினா பச்சை, இல்லைன்னா சிவப்பு. மிஷினே தினமும் ஓட்டிப் பார்த்துக்கும். நாளைக்குச் சாயங்காலம் வேணும்."

எலிக்கு எதுலயும் அவசரம். பொந்துல நாலு குட்டி வேற பசியோட கிடந்துச்சு. மூணு விடை யோசிக்கிறதுக்குள்ளயே தலை வலிச்சுது. அப்பத்தான் அந்த நாசமாப் போற யோசனை வந்துச்சு.

கட்டளையை எடிட்டர்ல போட்டுச்சு. எடிட்டர் எப்படித் தள்ளுச்சோ அதையே காப்பி பண்ணி, 'இதுதான் சரியான விடை'ன்னு ஒட்டிடுச்சு. ஒரே ஒரு இடத்துல மட்டும் கை நின்னுச்சு. நடுவுல காலி வரி விட்டா, அதுக்கு அடுத்த வரி ஓரத்துக்கு வந்துடுச்சு.

'இது உள்ளதானே இருக்கணும்?'னு எலிக்குத் தோணுச்சு. 'எடிட்டர் பண்ணினவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது'ன்னு அதையும் ஒட்டிடுச்சு.

மத்தியானத்துக்குள்ள முந்நூறும் பச்சை.

எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கிற முள்ளம்பன்றி வந்து எட்டிப் பார்த்துச்சு.

"ஏ எலி, ஒண்ணு கூடவா சிவப்பு விழல?"

"எடிட்டர் அவ்வளவு நல்லா இருக்கு. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"விடையை எங்கிருந்து எடுத்தே?"

எலி மீசையைத் துடைச்சுக்கிச்சு. "எடிட்டர்ல இருந்துதான்."

"அடிப்பாவி! பரீட்சை எழுதின பயலோட பேப்பரைப் பார்த்தே விடைக்குறிப்பு தயார் பண்ணியிருக்கியே! அப்புறம் அவன் எந்த ஜென்மத்துல ஃபெயிலாவான்?"

"முதுகுல இருக்கிற முள்ளு போதும். வாயிலயும் வேணாம், போ."

முள்ளம்பன்றி நேரா கரடிகிட்ட போய்க் கத்துச்சு. கரடி திரையை ஒரு பார்வை பார்த்துச்சு.

"பச்சையா இருக்கா? இருக்கு. அப்புறம் என்னய்யா, போய் வேலையைப் பாரு!"

மழைக்காலம் வந்துச்சு. ஏரி மதகுக்கு நாரைதான் கட்டளை எழுதுச்சு. 'ஏரி நிறைஞ்சா'ன்னு ஒரு வரி. அதுக்கு உள்ள 'மணி அடி'. மணி கேட்டா கீழ்ப் பொந்துக்காரங்க மேட்டுக்கு ஓடிடணும். அப்புறம் 'கொஞ்ச நேரம் பொறு'. ஒரு காலி வரி விட்டு, 'மதகைத் திற'.

எடிட்டர் அந்தக் கடைசி வரியை மட்டும் ஓரத்துக்கு இழுத்துச்சு. நாரைக்குச் சந்தேகம். டெஸ்ட்டைப் போய்ப் பார்த்துச்சு. முந்நூறும் பச்சை. சரின்னு விட்டுடுச்சு.

ஏரி பாதி கூட நிறையல. மணி அடிக்கல. மதகு திறந்துச்சு.

தீனி தேடிப் போன எலி திரும்பி வந்தப்ப, பொந்து இருந்த இடத்துல சேத்துத் தண்ணி சுழிச்சுக்கிட்டிருந்துச்சு. முள்ளம்பன்றி கழுத்தளவு தண்ணில நின்னு ரெண்டு குட்டியை இழுத்துக் கரையில போட்டிருந்துச்சு. மத்த ரெண்டும் கிடைக்கல.

"திட்டு, என்னை நல்லாத் திட்டேன்"னு எலி அழுதுச்சு.

"திட்டினா வந்துடுமா?" முள்ளம்பன்றி ரெண்டு குட்டியையும் எலி பக்கம் நகர்த்துச்சு. "மதகை மூடியாச்சு. அந்த எடிட்டர் இன்னும் அப்படியேதான் இருக்கு."

எலி ஈரக் காலோட போய்க் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துச்சு. ஒட்டின விடையை எல்லாம் அழிச்சுச்சு. காலி வரி விட்ட அந்தக் கட்டளைக்கு, எதையும் பார்க்காம, எது சரின்னு தானே யோசிச்சு ஒரு விடை எழுதுச்சு. ஓட்டிப் பார்த்துச்சு.

சிவப்பு விழுந்துச்சு.

நீதி: யாரைச் சோதிக்கணுமோ அவன்கிட்டயே விடையைக் கேட்டு வாங்கினா, அவன் பண்ற தப்பும் சரியாத்தான் தெரியும்.