டேப் போட்டு ஒட்டிய உபதேசம்

"உங்க வார்த்தையைக் கிழிச்சுப்புட்டாம்மா, என் மருமக."

சிதம்பரநாதனுக்கு மூச்சு வாங்கியது. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். அறுபத்தாறு வயதிலும் மைதானத்துக்கே கேட்கிற குரல்.

அரசியம்மாவுக்கு நாற்பத்தைந்துதான். மதுரையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார். பதில் பிடிக்காதவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சிதம்பரநாதன் அப்படிப் போகாமல் ஆறு வருடமாக வந்துகொண்டிருக்கிறார்.

"எந்த வார்த்தை?"

"'கோபம் குடியைக் கெடுக்கும்.' அடுப்பங்கரைச் சுவத்துல ஒட்டியிருந்தேன். நேத்து அதைப் பிய்ச்சு என் காலடியில போட்டுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. பின்னாலயே என் மகனும் போயிட்டான். தனி வீடு பாக்குறானாம்."

"சரி."

"குருவோட வார்த்தையைக் கிழிக்கிறது பாவமில்லையா? நீங்கதான் அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கணும்."

அரசியம்மா செருப்பை மாட்டினார்.

"வீட்டைக் காட்டுங்க."

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார்.

சுவரெல்லாம் தாள். தாளின் நாலு மூலையிலும் டேப். அடுப்புக்கு மேலே, 'நாவை அடக்கு.' மருமகளின் நிலைக்கண்ணாடியில், 'அலங்காரம் அகந்தை.' அவள் படுக்கையறைக் கதவில், 'சூரியனுக்கு முன் எழுபவளே குலவிளக்கு.' ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் 'அரசியம்மா.'

"இதெல்லாம் நான் எப்பச் சொன்னேன்?"

"அப்படியே சொல்லலம்மா. கருத்து உங்களோடது."

"குலவிளக்குன்னு நான் சொன்னேனா? நானே எட்டு மணிக்கு எந்திரிக்கிறவ."

சிதம்பரநாதன் கதவிலிருந்த தாளின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார்.

"உங்க ரூம் எது?"

காட்டினார். நாலு சுவரும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு தாள் இல்லை.

அரசியம்மாவுக்கு முகம் சிவந்தது. இதை எழுதுகிற எனக்கும் சிவக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவரிடமிருந்து ஊரைவிட்டு ஓடியாவது தப்பிக்கலாம். ஒரே வீட்டில் இருக்கிற பெண் எங்கே ஓடுவாள்? அம்மா வீட்டுக்குத்தான்.

"எல்லாத்தையும் எடுங்க."

"நானா?"

"வேற யாரு ஒட்டினது?"

சிதம்பரநாதன் ஒரு தாளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். டேப்போடு பெயின்ட்டும் உரிந்து வந்தது.

"மட்டமான பெயின்ட்டு. அடிச்சவனை உதைக்கணும்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

இரண்டாவது தாளிலும் பெயின்ட் வந்தது. மூன்றாவதற்குக் கத்தியை எடுத்தார். அரசியம்மா அதைப் பிடுங்கி வைத்தார்.

"முடி காயவைக்கிற மெஷின் இருக்கா?"

மருமகளுடையது இருந்தது. அதன் கைப்பிடியிலும் ஒரு துண்டுத் தாள். 'மின்சாரம் நாட்டின் சொத்து. அரசியம்மா.'

அரசியம்மா அதை வாசித்தார்.

"சுவிட்சைப் போடுங்க," என்றார். "டேப்பைச் சூடாக்குங்க. ரொம்பக் கிட்ட வேணாம். ஓரம் தூக்குதா? இப்ப இழுங்க. உங்க பக்கமா இல்ல, சுவத்தை ஒட்டினாப்பல. மெதுவா."

டேப் வந்தது. பெயின்ட் நின்றது.

மதியத்துக்குள் முப்பது தாளும் வந்துவிட்டன. பசை வரவில்லை. தாள் இருந்த இடமெல்லாம் நாலு மூலையிலும் கறுப்பு கறுப்பாக அழுக்கு பிடித்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினார். அது இன்னும் பரவியது.

சிதம்பரநாதன் கத்தினார்.

"மகன் மதிக்கல. மருமக மதிக்கல. இந்தப் பசைகூட மதிக்க மாட்டேங்குது. ஆறு வருசம் உங்ககிட்ட வந்தேனே, எனக்கு ஏன்மா இன்னும் கோபம் போகல?"

அரசியம்மா தேங்காயெண்ணெயில் நனைத்த துணியை அவர் கையில் வைத்தார்.

"பசை மேல தடவுங்க. பத்து நிமிசம் சும்மா இருங்க. அப்புறம் துடைங்க. அப்புறம் சோப்புத் தண்ணி."

"என் கேள்விக்குப் பதில்?"

"பத்து நிமிசம் சும்மா இருங்கன்னு சொன்னேன்."

தடவினார். உட்கார்ந்தார். இரண்டாம் நிமிடமே எழுந்து போய்த் தேய்த்தார். பாதிதான் வந்தது. மறுபடி தடவிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை முழுசாக வந்தது.

நாலு மணிக்கு வாசலில் கேட் திறந்தது. மருமகள் தமயந்தி. மீதித் துணிகளை எடுத்துப் போக வந்திருந்தாள். அவள் புருஷன் இறங்கவில்லை, தெருவில் ஆட்டோவிலேயே இருந்தான்.

"அஞ்சு நிமிசத்துல போயிருவேன் மாமா," என்றாள். அவரைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

துணிகளை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சுவரைப் பார்த்தாள். அடுப்பங்கரைக்குப் போனாள். அடுப்புக்கு மேலே உள்ளங்கையால் தடவினாள். விரல்களை ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னும் பிசுபிசுங்குது. சரியா எடுக்கல."

சிதம்பரநாதனுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. காலையிலிருந்து நின்ற கால். ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. இந்த வயதில், இந்த வீட்டில், அவர் கையால் சுவர் துடைத்திருக்கிறார். ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா இவள்? வாய் திறந்துவிட்டது.

அரசியம்மாவைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். தமயந்தி பையைத் தோளில் மாட்டினாள்.

சிதம்பரநாதன் துணியை எடுத்தார். எண்ணெயில் தோய்த்தார்.

"எந்த இடத்துலம்மா?" என்று கேட்டார்.