ஊருணிக்குக் கூரை போட்ட விரால்

ஓர் ஊருணியில் ஒச்சாயி என்று ஒரு விரால் மீன் இருந்தாள். முழங்கை நீளத்துக்கு உடம்பு, பாம்புக்கு வைத்தது மாதிரித் தலை, வாய் நிறையப் பல். அந்தத் தண்ணீருக்குள் அவளை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கும் கரையில் நின்ற கருவேல மரத்தை அண்ணாந்து பார்த்தால் பயம். அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில்தான் நீலமேகம் என்ற மீன்கொத்தி உட்கார்ந்திருப்பான்.

விரால் குஞ்சு பொரித்தால் தாய் அதை விட்டு அசையாது. குஞ்சுகள் குங்குமத்தைக் கரைத்துவிட்ட மாதிரிச் செக்கச் செவேலென்று கூட்டமாக மிதக்கும். தாய் அடியிலேயே காவல் நிற்கும். பக்கத்தில் வந்தது தண்ணீர்ப்பாம்பானாலும் பாய்ந்து கடித்துவிடும். ஆனால் ஆகாயத்திலிருந்து விழுகிறவனை என்ன செய்வது? ஐப்பசி மழையில் ஒச்சாயிக்கு ஐந்நூறு பிள்ளை பிறந்தது. கார்த்திகை பிறக்கும்போது பதினாறுதான் மிச்சம். சொத்தென்று ஒரு சத்தம் கேட்கும், நீலமாய் ஒன்று மின்னும், கூட்டத்தில் ஓர் ஓட்டை விழும். அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில் வரத்துக்கால் வழியாக வெள்ளத்தோடு வெள்ளமாக ஒரு கொத்து ஆகாயத்தாமரை மிதந்து வந்தது. கொழுகொழு இலை, ஊதாப் பூ, கீழே தாடி மாதிரி வேர்.

ஊருணி மீன்களுக்கு வருசா வருசம் இதில் ஒரு வேலை உண்டு. மிதக்கிற செடி எது வந்தாலும், ஊருணி நிறைந்து மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் வழிந்துகொண்டிருக்கும்போதே எல்லோரும் சேர்ந்து முட்டி முட்டி அதை வெளியே தள்ளிவிட வேண்டும். மறுகால் நின்றுபோனால் பிறகு தள்ள வழி இல்லை. வெள்ளைச்சாமி என்ற கெண்டைதான் இதற்கெல்லாம் முன்னால் நிற்பான். அன்றைக்கும் நாற்பது ஐம்பது கெண்டைகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்து பார்த்தால் அந்தக் கொத்துக்கு அடியில் ஒச்சாயி நிற்கிறாள். மிச்சமிருந்த பதினாறு பிள்ளைகளும் வேருக்குள் இருக்கின்றன. மேலே கிளையில் நீலமேகம் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துத் தேடுகிறான். அவன் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"மதினி, கொஞ்சம் ஒதுங்குங்க. செடியைத் தள்ளணும்" என்றான் வெள்ளைச்சாமி.

"இது செடி இல்ல கொழுந்தா, என் பிள்ளைகளுக்குக் கூரை. இதுல எவன் வாயி பட்டாலும் அவன் தலை இருக்காது."

"இது இந்த அளவுலேயே நிக்காது மதினி. ஊருணி முழுக்கப் படர்ந்திரும். அப்புறம் வெயில் உள்ள வராது."

"வெயில் வந்து இங்க என்னத்தை அவிக்குது?"

"சோறு அவிக்குது" என்றான் வெள்ளைச்சாமி.

ஒச்சாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளைச்சாமி பொறுமையாகத்தான் சொன்னான். தண்ணீர் பச்சையாக இருக்கிறதே, அது சும்மா நிறம் இல்லை, கண்ணுக்கே தெரியாத பொடிப் பொடிப் பாசி, வேர் கிடையாது, இலை கிடையாது, தூசி மாதிரித் தண்ணீரில் தொங்கிக்கொண்டு வெயிலை வாங்கி அதைச் சோறாக்குகிறது என்றான். கெண்டைகள் அதைத் தின்கின்றன. பொடிப் பூச்சிகளும் அதைத் தின்கின்றன. அந்தப் பூச்சியைத்தான் விரால் குஞ்சு தின்கிறது. அதோடு நிற்கவில்லை அவன். விடியும்போது தண்ணீரில் மூச்சு இறுக்கமாக இருக்கும், வெயில் ஏற ஏற லேசாகும், அதுவும் இந்தப் பச்சை விடுகிற மூச்சால்தான் என்றும் சொன்னான்.

இந்த மூச்சு விசயம்தான் ஒச்சாயிக்குப் பிடிபடவே இல்லை. விரால் சாதி வேறு மாதிரி. அது மேலே வந்து வாயைத் திறந்து ஆகாயத்துக் காற்றை ஒரு மடக்கு வாங்கிக்கொண்டு போகும். சேற்றில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் மூச்சு கூடுகிறதும் குறைகிறதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

"அழுக்கைத் தின்னுட்டு அதுக்குச் சோறுன்னு பேரு வேற" என்றாள். "மூச்சு முட்டுனா என்னை மாதிரி மேல வந்து வாங்கிக்கிறது. அதுக்குக்கூடவா துப்பு இல்ல?"

கெண்டைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஒச்சாயியின் பல்லையும் பார்த்தன. வந்த வழியே திரும்பிப் போயின. மார்கழிக் கடைசியில் மறுகால் நின்றது.

செடி ஒன்று நாலாயிற்று, நாலு பதினாறாயிற்று. தை முடிவதற்குள் ஊருணியில் முக்கால்வாசிக்கு மேல் மூடிக்கொண்டது. நீலமேகம் பட்டினி கிடந்து பார்த்துவிட்டு வேறு குளம் தேடிப் பறந்து போனான். ஒச்சாயிக்கு அன்றைக்குப் பிடித்த சந்தோசம் சொல்லி முடியாது. பழைய பதினாறும் வளர்ந்து தனித்துப் போனபின் மறுபடி முட்டையிட்டாள். மாசி பிறந்ததும் அறுநூறு பிள்ளை. அறுநூறும் அப்படியே இருந்தன. ஒன்று குறையவில்லை.

தண்ணீர் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. பச்சை போய்விட்டது. அழுக்கு தெளிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். பிள்ளைகள் கொஞ்சம் மெலிந்திருந்தன. முந்தின பிள்ளைகளுக்கெல்லாம் வாயைத் திறந்தாலே பூச்சி வந்து விழும், இவை தேடித் தேடி அலைந்தன. இருட்டில் ஓடியாடாமல் கிடப்பதால் சதை பிடிக்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. கெண்டைகள் மேலே வந்து, இலைக்கும் இலைக்கும் இருந்த சந்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. அதைப் பார்த்து ஒச்சாயிக்குப் பெருமை பொங்கிற்று. "பாரு, ஒருவழியா என்கிட்ட பாடம் படிச்சுட்டானுங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

பிறகு மூன்று நாள் மூட்டம் போட்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மிச்சமிருந்த ஒரு பாய் அளவு வெளியும் அந்த மூன்று நாளில் மூடிக்கொண்டது.

நாலாம் நாள் விடியும்போது ஒச்சாயி கண்ட காட்சியைச் சொல்கிறேன். பிள்ளைகள் எல்லாம் மேலே ஏறிப் போய், இலைக்கு அடியில் வாயைத் திறந்து திறந்து மூடின. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. விரால் குஞ்சு மேல்காற்று வாங்கப் பழக மாதம் ஒன்றாவது ஆகும். இதுகள் பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. என் பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள், பத்தே நாளில் படித்துவிட்டன என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் ஒரு குஞ்சு வாயைத் திறந்தபடியே மல்லாந்தது. அப்படியே சுழன்று சுழன்று அவள் மூக்குக்கு முன்னால் கீழே போயிற்று.

அது விளையாடவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் இன்னும் ஐந்து ஆறு.

மேலே பாய்ந்தாள். இலையைப் பிளந்து வாய் நிறையக் காற்றைப் பிடித்து வந்து பிள்ளைகள் நடுவில் விட்டாள். குமிழி குமிழியாக மேலே போய்விட்டது. மறுபடி பிடித்து வந்தாள். மறுபடியும் போய்விட்டது. காற்று அவள் வாயில் நிற்கிறது, பிள்ளை வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.

வெள்ளைச்சாமியைத் தேடி ஓடினாள். வழியெல்லாம் வேருக்குள் ஏதோ வெளேர் வெளேரென்று தெரிந்தது. ஆகாயத்தாமரை தண்ணீருக்குள்ளும் பூக்குமா என்று ஒரு கணம் நினைத்தாள். கிட்டே போனால் எல்லாம் கெண்டை. வயிறு மேலே, வாய் திறந்தபடி.

வெள்ளைச்சாமி படித்துறைக் கல்லை ஒட்டி ஒரு சந்தில் கிடந்தான். செவுள் மட்டும் ஆடிற்று.

"கொழுந்தா, என் பிள்ளைக... மேல வந்து மூச்சு வாங்கக் கத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நாங்க கத்துக்க வரல மதினி" என்றான் அவன். "கீழ மூச்சு இல்ல. அதான் வந்தோம்."

இத்தனை நாள் அவள் வாய்க்குப் பக்கத்திலேயே ஊருணி முழுக்க மூச்சுக்கு அல்லாடியிருக்கிறது. அவள் நின்று சிரித்திருக்கிறாள்.

ஆகாயத்தாமரையைக் கடித்தாள், முட்டினாள், இழுத்தாள். ஒன்றை நகர்த்தினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து நின்றது. அப்போது கரையில் தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. சடைச்சி என்ற எருமை தண்ணீர் தேடி வந்து, பச்சைப் பரப்பைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றது.

"நேத்து வரைக்கும் இங்க ஊருணின்னு சொன்னாங்க. புல்தரையால்ல கெடக்கு" என்று தன்பாட்டில் சொல்லிற்று.

ஒச்சாயி இலை நடுவே தலையை நீட்டினாள். "அக்கா, தண்ணிதான். எறங்குங்க."

"மீனு பேசுதா? அப்பத் தண்ணியாத்தான் இருக்கும்" என்றது சடைச்சி. ஆனாலும் காலை வைக்கவில்லை. அந்த வேரில் கால் சிக்கினால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டது.

"சிக்குனா நான் கடிச்சு அறுத்து விடுறேன். என் பிள்ளைக மேல ஆணை. எறங்குங்க அக்கா."

சடைச்சி இறங்கிற்று. சொன்ன மாதிரியே இரண்டு தடவை கால் சிக்கியது. ஒச்சாயி வாய் கிழிய வேரைக் கடித்து அறுத்தாள். நடு ஊருணிக்குப் போனதும் எருமை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் புரண்டது. தண்ணீர் கரைக்கு எகிறி அடித்தது. செடிகள் கிழிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கின. நடுவில் ஒரு களத்து மேட்டு அளவுக்கு வெளி பிறந்தது. மூட்டம் விலகியிருந்தது போலும், அந்த வெளியில் வெயில் வந்து விழுந்தது. எருமை அடித்த அடியில் காற்றும் கலந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் போதும். ஒச்சாயி திரும்பினாள். திரும்பும்போது மேலே பார்த்துவிட்டாள்.

கருவேலங்கிளையில் நீலமேகம். ஊருணியில் வெளிச்சம் தெரிந்ததுமே எங்கிருந்தோ வந்துவிட்டிருந்தான். அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க ஒச்சாயி, பார்த்து எத்தனை நாளாச்சு" என்றான். "பிள்ளைகள் சௌக்கியமா?"

அவள் கூரையின் ஓரத்தில் நின்றாள். உள்ளே இருட்டு, அங்கே நீலமேகம் வர மாட்டான். வெளியே வெயில், அங்கே அவன் மட்டும்தான் சந்தோசமாக இருப்பான். பின்னால் பிள்ளைகள் வாயைத் திறந்து திறந்து மூடின. அறுநூறு இருந்த இடத்தில் முந்நூறுகூடத் தேறாது.

தாய் போனால் குஞ்சு பின்னால் போகும். அது விராலுக்குப் பிறவிக் குணம். ஒச்சாயி வெளியே போனாள். நட்ட நடு வெயிலுக்குப் போய் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் தலைக்கு மேல் சிவப்பாகக் கூடின.

சொத்தென்று சத்தம் கேட்டது. கூட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. ஒச்சாயி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொத்து. ஆனாலும் அவள் கூரைப் பக்கம் திரும்பவில்லை.

உச்சி வெயில் ஏறும்போது பிள்ளைகள் வாய் மூடியிருந்தன. செவுள் மெதுவாக அசைந்தது. வெள்ளைச்சாமியும் பிழைத்த பத்துப் பன்னிரண்டு கெண்டைகளும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு அந்த வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒச்சாயி விலகி இடம் விட்டாள்.

சடைச்சி தினமும் வந்து புரண்டது. வெளி அகன்றது. எட்டாம் நாள் காலையில் அந்த வெயில் பட்ட தண்ணீரில் லேசாக, மிக லேசாக, ஒரு பச்சை தெரிந்தது. ஒச்சாயி அதற்குள் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள்.

கண்ணுக்குத் தெரிந்த ஒரு பகைக்குப் பயந்து, கண்ணுக்குத் தெரியாமல் நமக்குச் சோறும் மூச்சும் கொடுக்கிறதை அழித்தால், அந்தப் பகைவன் ஒன்றிரண்டாய்க் கொன்றதை நாமே மொத்தமாய்க் கொன்றவர்கள் ஆவோம்.