தும்பி போனைத் திறக்க நாலு பேர்

மூக்கன்குளம் எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்களே கண்டக்டரைக் கேட்டுத்தான் சொல்வார்கள். கண்டக்டர் சொன்னாலும் உடனே நம்பிவிட மாட்டார்கள். இறங்கி, தெருமுக்குப் பிள்ளையாரை எட்டிப் பார்த்து, நேற்றைய பிள்ளையார்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே வீட்டுக்கு நடப்பார்கள்.

அந்த ஊரில் ஒரு பேண்டு செட் இருந்தது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் வருவார்கள். நாலே பேர். கிளாரினெட் வாசிக்கும் ஆவுடையப்பன்தான் தலைவர். பெரிய டிரம் சங்கிலி, டிரம்பெட் மாசானம், ஜால்ரா கோயில்பிச்சை. சங்கிலி மூன்று தட்டு தட்டாமல் இவர்கள் எதையும் தொடங்கியதில்லை. பந்தியில் உட்கார்ந்தால்கூட அவன் இலையோரம் மூன்று தட்டு தட்டுவான். அதன் பிறகே நாலு கையும் ஒன்றாகச் சோற்றுக்குள் போகும்.

ஆவுடையப்பனுக்கு மாப்பிள்ளைகளுக்கு முன்னால் நடந்து நடந்தே நாற்பது தாண்டிவிட்டது. எத்தனையோ பேரை மண்டப வாசல் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். இவர் வெளியே நின்று கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வரன் கூடி வந்தது. வாகைக்குளத்துப் பெண், பெயர் பூரணம். தரகரிடம் அவள் தெளிவாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்:

"ஆளைப் பாத்தாச்சு, பரவாயில்ல. ரெண்டு வார்த்தை பேசிப் பாக்கணும். வெள்ளிக்கிழமை நானே போன் போடுதேன். பேசினாருன்னா முடிவு சொல்லுதேன். பேசலேன்னா எங்க மாமன் மகன் ஒருத்தரு ரொம்ப நாளா வேட்டியைத் தேய்ச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

பேண்டு செட்டுக்கு மொத்தமாக ஒரு போன்தான்; பூரணத்தின் நம்பரைத் தரகர் ஏற்றிக் கொடுத்ததும் அதில்தான். அந்தப் போனை முன்பு ஒரு கொடையில் சங்கிலி பத்திரமான இடம் என்று பெரிய டிரம்மின் மேல் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினான். போன் துள்ளிப் போய்ச் சாமியாடி காலடியில் விழுந்தது. சாமி மலையேறும் வரை அவர் அதன் மேலேயே மிதித்து ஆடினார். அன்றிலிருந்து அந்தப் போனில் இவர்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசினால் இவர்களுக்குக் கேட்காது.

"அதுவும் நல்லதுதான் அண்ணாச்சி. யாரும் நம்மள வைய முடியாதுல்லா," என்றான் கோயில்பிச்சை.

பூரணம் பேசினால் கேட்க வேண்டுமே என்றுதான் ஆவுடையப்பன் டவுனுக்குப் போனார். செல்போன் கடை ஜெபசிங் அவர் கையில் ஒரு புதுப் போனைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இது வேற சிஸ்டம். தும்பின்னு பேரு. பழசு மாதிரி இருக்காது. சிம்மை இதுல மாத்திட்டேன். வீட்டுக்குப் போயி ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. பழசுல இருக்க பேரு, நம்பர் எல்லாம் தானா புதுசுக்கு வந்துரும். அப்புறம் நாலு இலக்கத்துல ஒரு நம்பர் போட்டுப் பூட்டிக்கிடுங்க. அதை மட்டும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

"உசுரு போனாலும் சொல்ல மாட்டேன்," என்றார் ஆவுடையப்பன்.

வாத்தியங்கள் வைக்கும் கொட்டகையில் நாலு பேரும் கூடினார்கள். புதுப் போன் நடுவில் பளபளவென்று கிடந்தது. யாரும் தொடவில்லை.

"எனக்கு இது சரியாப் படலை," என்று மாசானம் தொடங்கினான். "நம்மளத் தெரிஞ்ச ஆளுக எல்லாம் இத்தனை நாளும் பழைய போனுக்குத்தான் பேசிப் பழகியிருக்காங்க. திடீர்னு அறிமுகமில்லாத போன்ல பேசச் சொன்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

"பழசுல பச்சைப் பொத்தான் இடது பக்கம். கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன். இதுல எங்க இருக்குன்னே தெரியலயே," என்றான் கோயில்பிச்சை.

"கண்ணைத் திறந்து பாருலே," என்றான் மாசானம்.

"அப்போ ஆயுசு பூரா கண்ணைத் திறந்துக்கிட்டே திரியணுமா?"

சங்கிலி நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பழசு மக்கர் பண்ணினா முதுகுல ரெண்டு போடுவேன், வேலை செய்யும். இதை எந்த இடத்துல அடிக்கணும்னு யாருக்குத் தெரியும்? தெரியாத இடத்துல அடிச்சு ஏதாவது ஆயிட்டா?"

ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். "எனக்கும் அதேதாம்டே. பழைய போன்ல நூறு குறை இருக்கு. ஆனா ஒவ்வொரு குறையும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். புதுசுன்னா குறையை இனிமேத்தான் தேடிக் கண்டுபிடிக்கணும். வயசான காலத்துல அதுக்கெல்லாம் தெம்பு வேணும்."

நாலு பேரும் தலையாட்டினார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லை.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எதுவும் நகர்ந்த மாதிரி தெரியவில்லை. "சமதரையில எப்படிப் போகும்? பழசை மேட்டுல வையி, நம்பர் தானா இறங்கும்," என்றான் சங்கிலி. பழைய போனைச் செங்கல்லின் மேல் சாய்த்து வைத்தார்கள். நடுவில் எறும்பு ஊர்ந்தால் நம்பர் கலைந்துவிடும் என்று கோயில்பிச்சை சுற்றிலும் மஞ்சள்தூள் கோடு போட்டான்.

விடிந்ததும் மாசானத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. "போயிருச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? நம்பரெல்லாம் போயிருந்தா பழசோட எடை குறைஞ்சிருக்கணும்லா?"

மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். போன வாரம் எத்தனை எடை இருந்தது என்று நாலு பேருக்கும் தெரியவில்லை. ஆகவே குறைந்திருக்கிறது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

அடுத்தது புதுப் போனை உயிர்ப்பிக்க வேண்டும். திரையில் நீளமாக எழுத்து ஓடி, அடியில் ஒரு கேள்வி வந்து நின்றது. நிபந்தனைகளுக்குச் சம்மதமா?

"இதென்ன கூத்து? பொண்ணு சம்மதம் சொல்லணும்னு நாம காத்துக் கிடக்கோம். இது நம்மகிட்ட சம்மதம் கேக்கே!" என்றார் ஆவுடையப்பன்.

"உடனே சரின்னு சொல்லிராதீரும் அண்ணாச்சி, மதிக்காது. பெரியவங்களைக் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புதோம்னு சொல்லும்," என்றான் மாசானம்.

ஆவுடையப்பன் போனை வாயருகில் கொண்டுபோய் அப்படியே சொன்னார். மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கு வைத்து, சங்கிலி மூன்று தட்டு தட்ட, நல்ல நேரம் பார்த்துச் சம்மதத்தை அழுத்தினார்கள்.

பிறகு போன் நாலு இலக்கம் கேட்டது. இங்கேதான் பெரிய சிக்கல்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு," என்றார் ஆவுடையப்பன். "ஆனா போன் நம்ம செட்டுக்கே பொது. நான் மட்டும் நம்பரை வச்சுக்கிட்டா உங்களுக்குத் துரோகம். உங்ககிட்ட சொன்னா அவருக்குத் துரோகம்."

கடைசியில் கோயில்பிச்சைதான் வழி சொன்னான்.

"வாசிக்கும்போது என்ன செய்யுதோம்? அவனவன் பாட்டை அவனவன்தானே வாசிக்கான். நாலு பேரு, நாலு இலக்கம். ஆளுக்கு ஒண்ணு போடுவோம். மத்தவன் திரும்பிக்கிடட்டும். யாரும் யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

இப்படி ஒரு மூளை ஜால்ரா தட்டிக்கொண்டிருக்கிறதே என்று ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முதல் எண்ணைப் போட்டார். சங்கிலி இரண்டாவது, மாசானம் மூன்றாவது, கோயில்பிச்சை நாலாவது. சரிபார்க்க மறுபடி ஒருமுறை போடச் சொன்னது. போட்டார்கள். போன் பூட்டிக்கொண்டது. நாலு பேரும் நிம்மதியாகப் போய்த் தூங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆவுடையப்பன் குளித்து, திருநீறு பூசி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய போன் மணியடித்தால் கோயில் மணி மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நாலு பேரும் காத்திருந்தார்கள்.

அப்போது எங்கிருந்தோ ஒரு மெட்டு கேட்டது.

"நல்லாருக்கே," என்றார் ஆவுடையப்பன். "யாரு வாசிக்கா?"

"இந்தத் தும்பிதான் வாசிக்கு அண்ணாச்சி. நம்ம செட்டுக்கு வந்தாச்சு, சும்மா இருக்கலாமான்னு தொடங்கியிருக்கும்," என்றான் கோயில்பிச்சை.

ஆவுடையப்பன் கிளாரினெட்டை எடுத்தார். சங்கிலி மூன்று தட்டு தட்டினான். போன் வாசிக்க, பின்னாலேயே இவர்கள் பிடித்தார்கள். முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரியில் மாசானம் சற்றுப் பிசகினான். திருத்திக்கொண்டான். மெட்டு முழுதாகக் கைக்கு வந்து, நாலு பேரும் மெய்மறந்து உச்சத்தைத் தொடும்போது போன் நின்றுவிட்டது.

"அடச்சே, இன்னொரு சுத்து விட்டிருந்தா கல்யாணத்துக்கே வாசிச்சிருக்கலாம்," என்றான் மாசானம்.

திரையில் எழுத்து வந்திருந்தது. கோயில்பிச்சை எழுத்துக் கூட்டிப் படித்தான். "பூ... ர... ண... ம். எடுக்காத அழைப்பு."

ஆவுடையப்பனின் முகம் காற்றுப் போன பலூன் ஆகிவிட்டது.

"ரெண்டாவது வரில நீ பிசகாம இருந்தா சீக்கிரம் முடிச்சுட்டு எடுத்திருக்கலாம்!" என்று சங்கிலி மாசானத்தின் மேல் பாய்ந்தான்.

"நானா? காலத்தை இழுத்தது உன் டிரம்முதாம்லே!"

"ஊதத் தெரியாதவன் எல்லாம் காலத்தைப் பத்திப் பேசுதான்."

"அப்படியா? இனிமே இந்தச் செட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல." மாசானம் டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய், வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டான்.

திருப்பிக் கூப்பிடலாம் என்று ஆவுடையப்பன் போனை எடுத்தபோதுதான் மூன்றாவது எண் பஸ் ஏறிப் போவது தெரிந்தது. மூன்று பேரும் விழுந்தடித்து ஓடி, நகர்ந்த பஸ்ஸில் தொற்றி ஏறினார்கள்.

"மாசானம், எய்யா, போறதுன்னா போ. உன் நம்பரை மட்டும் குடுத்துட்டுப் போடே," என்று கெஞ்சினார் ஆவுடையப்பன். "அங்க மாமன் மகன் தேய்ச்ச வேட்டியோட உக்காந்திருக்கான்."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கோம். கோவம் வேற, நாணயம் வேற." கொஞ்சம் யோசித்தான். "வேணும்னா நானே போட்டுத் தாரேன். ஆனா இந்த பஸ்ல இத்தனை பேரு பாக்காங்களே."

ஆவுடையப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். "ஐயா, அம்மா, எல்லாரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிடுங்க. என் வாழ்க்கைப் பிரச்சினை."

குரல் அப்படி இருந்ததால் எல்லாரும் மூடிக்கொண்டார்கள். "டிரைவர் அண்ணாச்சி, நீங்களும்தான்," என்றான் கோயில்பிச்சை.

"யோவ்!" என்று கத்தினார் கண்டக்டர். "அவரு மூடினா நாம எல்லாரும் மொத்தமா மூட வேண்டியதுதான். மொதல்ல வண்டியை நிறுத்தச் சொல்லு!"

பஸ் நின்றது. டிரைவரும் கண்ணை மூடிக்கொண்டார். சங்கிலி கம்பியில் மூன்று தட்டு தட்டினான். நாலு பேரும் வரிசையாகத் தத்தம் எண்ணைப் போட, தும்பி திறந்தது. ஆவுடையப்பன் பூரணத்தின் பெயரைத் தொட்டார். எந்த இடத்தைத் தொட்டாரோ, அவள் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"யாரு? மாப்பிள்ளையா? நான் போட்டா ஏன் எடுக்கலை?"

"வாசிச்சுக்கிட்டு இருந்துட்டோம்."

"சரி, போவட்டும். வளவளன்னு பேச நேரமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். என்னைப் பிடிச்சிருக்கா?"

வாழ்க்கையில் ஆவுடையப்பன் எதையும் தனியாகத் தொடங்கியதில்லை. பரிதாபமாகச் சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி புரிந்துகொண்டு மூன்று தட்டு தட்டினான்.

"பிடிச்சிருக்கு!" என்று நாலு பேரும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

பூரணத்தின் குரல் ஓங்கியது.

"என்னை எத்தனை பேருக்குக் கட்டிக் குடுக்கப் போறாங்க?"

"ஐயோ, இல்லம்மா!" ஆவுடையப்பன் பதறிவிட்டார். "கட்டுறது நான் ஒருத்தன்தான். போனைத் திறக்கத்தான் நாலு பேரு. புதுசா தும்பின்னு ஒரு சிஸ்டம்..."

"தும்பியா?" அவள் குரல் சட்டென்று இளகியது. "எங்க வீட்லயும் தும்பிதான். அதான் எனக்கும் அவசரம். மறுபடி கூப்பிடணும்னா ஆறு பேரையும் கூட்டணும். சித்தப்பா எருமையை ஓட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

"உங்களுக்கு ஆறு இலக்கமா?"

"ஆமா. உங்களுக்கு?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "எங்களுக்கு நாலுதாம்மா. இருக்கிறதைச் சொல்லிட்டேன். நான் எதையும் மறைக்க மாட்டேன்."

கண்ணை மூடியபடியே பயணிகள் போன் பக்கம் காதைச் சாய்த்தார்கள்.

"பரவாயில்ல," என்றாள் பூரணம். "இருக்கிறதை வச்சுக் குடும்பம் நடத்திக்கிடலாம். எங்க அப்பாவை நாள் பாக்கச் சொல்லுதேன்."

கண்ணை மூடிக்கொண்டிருந்த பயணிகள் அப்படியே கை தட்டினார்கள். மாசானம் அந்த இடத்திலேயே டிரம்பெட்டை எடுத்து ஊதினான். இரண்டாவது வரியில் மறுபடியும் பிசகியது. ஆவுடையப்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண்ணோடு சீர்வரிசையாக அவள் போனும் வந்தது. போனோடு, அதைத் திறக்க வேண்டுமே என்று, அப்பா, அம்மா, தம்பி, பெரியம்மா மகன், எருமையோடு சித்தப்பா என்று மற்ற ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்து நாலு பேரையும் சேர்த்தால், ஆவுடையப்பன் வீட்டில் இப்போது பத்துப் பேர்.

அந்த வழியாக வந்த ஜெபசிங் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, இது வேற சிஸ்டம். நம்பரே கிடையாது. முகத்தைக் காட்டினாப் போதும், தானா திறந்துரும். ஒரே ஆளு போதும். உங்களுக்காகவே கொண்டு வந்தேன், மாத்திக்கிடுங்க."

பத்துப் பேரும் எருமைத் தொழுவத்துப் பக்கம் ஒதுங்கி நெடுநேரம் கூடிப் பேசினார்கள். அங்கே ஆளுக்கு ஆள் குரல் உயர்வதும் தாழ்வதுமாக இருந்தது. கடைசியில் எல்லார் சார்பிலும் பூரணம் வந்து நின்று, புதுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பா நினைச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. இந்தத் தும்பி ஒண்ணைப் பழகுறதுக்கே எங்களுக்குப் பத்துப் பேரு தேவைப்பட்டுச்சு. இன்னொரு புதுசுன்னா அத்தனை ஆளுக்கு நாங்க எங்க போவோம்?"