அடிபட்ட காரின் கியர் பெட்டி

தும்பைநாடு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனாலும் அதற்கு ஒரு ராஜா இருந்தார், ராஜாவுக்கு ஒரு கார் இருந்தது. ராஜா கோமேதகவர்மருக்கு இடது முழங்காலில் வாதம். கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கார்தான் ஓட்டுவார். தசரா ஊர்வலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் காரின் கியர் பெட்டி புகைந்து செத்தது. புதுப் பெட்டி கப்பலில் வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள்.

"காயலான் கடையில் பழைய பெட்டி கிடைக்கும், அரசே," என்றார் அமைச்சர் அகோரநாதர். "நல்லதைப் பார்த்து எடுக்க ஒரு கெட்டிக்காரர் வேண்டும். நம் மாசிலாமணிதான் இருக்கிறாரே!"

மாசிலாமணி ராஜாவைச் சிரிக்க வைப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர். அவருடைய நாற்காலி ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அமைச்சருக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

"சரி. பெட்டி ஓடினால் கேட்டதைத் தருகிறேன்," என்றார் ராஜா. "ஓடாவிட்டால் மாசிலாமணி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்."

முழங்கால் வலிக்கிற ராஜாவிடம் நியாயம் பேச முடியாது. மாசிலாமணியின் மனைவி அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். புருஷன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அமைச்சர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் எல்லோரும் உதுமான் ராவுத்தரின் காயலான் கடைக்குப் போனார்கள். ராஜாவின் காரைப் போலவே அங்கே இரண்டு கார்கள் நின்றன. ஒன்றில் கீறல்கூட இல்லை, பளபளவென்று இருந்தது. இன்னொன்று லாரியில் மோதி, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. இரண்டின் கியர் பெட்டிகளும் கழற்றிச் சாக்கின் மேல் வைக்கப்பட்டிருந்தன.

ராவுத்தர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சாமான் எந்த வண்டியுடையது என்று மஞ்சள் பெயிண்டில் எண் போடுவார். கியர் பெட்டியில் பழைய ஆயிலை வடிக்க மாட்டார். வாங்குகிறவர் முகர்ந்து பார்க்கலாம். கருகிய வாசனை அடித்தால் விட்டுவிடலாம். முந்தின நாளே அமைச்சர் வந்து, இரண்டிலும் ஆயிலை வடித்து, டீசலில் கழுவி, எண் மறையும்படி வெள்ளிப் பெயிண்ட் அடிக்க வைத்திருந்தார். எது எதனுடையது என்பதை மட்டும் கவனமாக மனதில் வைத்துக்கொண்டார்.

"ராஜாவுக்குப் போகிற சாமான் சுத்தமாக இருக்க வேண்டாமா?" என்று இப்போது ராஜாவிடம் காரணமும் சொன்னார்.

ராவுத்தர் வாயைத் திறந்தார். அமைச்சர் ஒரு பார்வை பார்த்தார். ராவுத்தர் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்," என்றார் ராஜா. "சுத்தம் செய்ய வைத்தவர் அமைச்சர், அவரே பதில் சொல்வார்."

மாசிலாமணி நொறுங்கிய காரைப் பார்த்து முகம் சுளித்தார். பளபளக்கும் காரைச் சுற்றி வந்து கதவைத் தடவினார். "அடடா, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! இதன் பெட்டி கிடைத்தால் நான் பிழைத்தேன்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு திரும்பினார். "அமைச்சரே, இந்தக் காரின் பெட்டி எது?"

அமைச்சர் யோசிக்கவே இல்லை. "இடது பக்கம் இருப்பது."

"அதையே எடுங்கள்."

மூன்றாம் நாள் ராவுத்தரே வந்து பெட்டியை மாட்டினார். ராஜா ஏறி உட்கார்ந்து அரண்மனையை மூன்று சுற்றுச் சுற்றினார். பெட்டி முணுமுணுக்கக்கூட இல்லை.

"அதெப்படி ஓடும்?" என்று அமைச்சர் வாய்தவறிக் கத்திவிட்டார். "அது நொறுங்கின கார் பெட்டியாச்சே!"

ராஜா காரை நிறுத்தினார். "அன்று வேறு மாதிரிச் சொன்னீரே?"

ராஜா மாசிலாமணியின் பக்கம் திரும்பினார்.

"மாசிலாமணி, இவர் உம்மை ஏமாற்றியிருக்கிறார். நீர் எப்படி ஜெயித்தீர்?"

"எனக்கு வேண்டியதே நொறுங்கிய காரின் பெட்டிதான், அரசே. ஓடாத கார் லாரியில் போய் மோதுமா? மோதுகிற நிமிஷம் வரை அது நன்றாக ஓடியிருக்கிறது. கீறல் இல்லாத கார் காயலான் கடைக்கு வந்தால், வியாதி உள்ளே இருக்கிறது."

"அந்தப் பளபளப்புக் காரை நாலு பேரு தள்ளிக்கிட்டுதான் வந்தாங்க, மகாராஜா," என்றார் ராவுத்தர்.

"அப்படியானால் நொறுங்கியதன் பெட்டி எது என்று நேராகவே கேட்டிருக்கலாமே?" என்றார் ராஜா.

"கேட்டிருந்தால் மற்றதைக் காட்டியிருப்பார். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைக்கக் கூடாது என்பதில் பதினேழு வருஷமாக அவர் ஒருநாளும் தவறியதில்லை. அதை நம்பித்தான் ஆசைப்பட்டேன்."

ராஜா முழங்காலை மறந்து தரையில் காலை உதைத்துச் சிரித்தார். "கேளும், என்ன வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம், அரசே. அமைச்சரின் காரும் இதே ரகம். அந்த இன்னொரு பெட்டியை அதில் மாட்டி, தசரா ஊர்வலத்தில் அவரை வரச் சொல்லுங்கள். எனக்குக் கிடைக்கக் கூடாதென்று அவ்வளவு பிரியமாக ஒளித்து வைத்தார். பாவம், அவரே அனுபவிக்கட்டும்."