வாசலுக்கு வெளியே நின்றவர்

யார் பக்கம் நியாயம் என்று நீங்களே தீர்த்துச் சொல்ல வேண்டிய கதை இது.

கோவை காந்திபுரத்தில், ஒரு மாடி அறையில், குருபரன் என்பவர் ரசிகர் வட்டம் ஒன்று நடத்திவந்தார். வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பும் வீடியோ கேசட்டுகளில் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் போட்டுக் காட்டுவார். ஊரே அவற்றை ‘ஜப்பான் கார்ட்டூன்’ என்றது. அவருக்கு அது பொறுக்காது. ‘ஜப்பானிமேஷன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘கார்ட்டூன்’ என்ற சொல் அரங்குக்குள் யார் வாயிலிருந்து வந்தாலும், எதற்காக வந்தாலும், படம் முடியும்வரை சொன்னவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று விதி போட்டார்.

கல்லூரி மாணவி பிரமிளா ஒரு தொடரை வருடம் முழுக்கப் பார்த்தாள். கடைசிப் பகுதி ஓடவிருந்த அன்று, வாய் தவறி ‘கார்ட்டூன்’ என்றுவிட்டாள். குருபரன் கதவைக் காட்டினார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நாயகி செத்தாளா, பிழைத்தாளா என்பதுகூடத் தெரியாமல் சாத்திய கதவருகே நின்றாள். குருபரனை வெளியே நிறுத்திவிட்டு, அதே அரங்கில்தான் அந்தப் பகுதியைப் பார்ப்பது என்று அன்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். பழிவாங்கப் பொறுமை வேண்டும்; அது அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

சில வருடங்களில் குருபரன் ஊரைவிட்டுப் போனார். அந்தத் தொடர்களுக்கு ‘அனிமே’ என்ற பெயர் வந்து நிலைத்தது. ‘ஜப்பானிமேஷன்’ என்றால் இளசுகள் சிரித்தார்கள். பழைய விதியில் அந்தச் சொல்லையும் சேர்த்தார்கள். முதல் சொல்லை நீக்கவில்லை. இதற்குள் வட்டத்தின் தலைவியாகிவிட்ட பிரமிளா, தான் இன்னும் பார்க்காத அந்தக் கடைசிப் பகுதியை அதே அரங்கில் பெரிய திரையில் போட ஏற்பாடு செய்து, குருபரனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தாள். சுவரில் எழுதியிருந்த விதியைக் கைகாட்டிவிட்டு ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டினாள்.

“அன்னைக்கு நாங்க ஜப்பான் கார்ட்டூன்னு சொல்லிட்டிருந்தோம். நீங்கதான் திருத்துனீங்க. என்ன பேர் சொல்லிக் குடுத்தீங்கண்ணா?”

“ஜப்பானிமேஷன்,” என்றார் அவர், பெருமையாக.

அரங்கம் சிரித்தது. பிரமிளா கதவைக் காட்டினாள். அவள் வயிறு குளிர்ந்தது.

வாசலில் நின்ற வட்டத்து இளைஞன் நௌபல் தடுத்தான். “கேட்டதுக்குத்தானுங்க பதில் சொன்னாரு. அவரை எப்படிங்க வெளிய அனுப்பறது?”

“உடுங்க தம்பி. நான் போட்ட விதிதானே,” என்று குருபரன் வெளியே போய் நின்றார்.

விதிப்படி அனுப்பிய பிரமிளா, தடுத்த நௌபல், வாதாடாமல் போன குருபரன். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: குருபரன் செய்ததே சரி. ‘எதற்காக வந்தாலும்’ என்பது விதி. நௌபலின் இரக்கத்துக்கு அதில் இடமில்லை. பிரமிளாவோ, கேள்வி கேட்கும்போதே, நீக்கப்படாத அந்த முதல் சொல்லைச் சொல்லிவிட்டாள். அவருக்கு முன்னால் வெளியேற வேண்டியவள் அவள். விளக்கு அணைந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். உள்ளே கடைசிப் பகுதி ஓடியது. நாயகி என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.