மரங்கொத்தி திருத்திய பாட்டு

மலையடிக் காட்டில் ஒரு பெரிய இலுப்பை மரம். அதில் ஒரு மரங்கொத்தி தனியாக வாழ்ந்தது.

அதற்கு யாப்பு அத்துப்படி. பாட்டுக் கட்டிய பறவைகள் அதனிடம் வந்து பாடிக் காட்டுவது அந்தக் காட்டு வழக்கம். மரங்கொத்தி ஒவ்வொரு சீருக்கும் கிளையில் ஒரு தட்டுத் தட்டும். ஓசை பிசகினால், "தளை தட்டுகிறது! திருத்திக்கொண்டு வா!" என்று விரட்டிவிடும்.

விரட்டப்பட்டவர்கள் மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. "இத்தனை கிளை இருந்து என்ன பயன்? பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் இல்லையே!" என்று மரங்கொத்தி ஏங்கும். தப்பு தன்னிடம் என்று மட்டும் அதற்குத் தோன்றவே இல்லை. நமக்கெல்லாம் தோன்றுகிறதா என்ன?

ஒருநாள் காலையில் ஒரு மாம்பழச்சிட்டு வந்தது. புயலில் தன் கூட்டத்தைப் பிரிந்து, காட்டாற்றின் எதிர்க்கரையில் ஒற்றை மரத்தில் தங்கியிருந்தது அது. தயங்கித் தயங்கிப் பாடியது.

"ஒற்றை மரத்தில் இருக்கிறேன், துணைக்கு யாருமில்லை, உன் மரத்தில் ஒரு கிளை தருவாயா?"

"இதெல்லாம் ஒரு பாட்டா? எதுகை எங்கே?" என்றது மரங்கொத்தி.

சிட்டு வாடிய முகத்தோடு போனது. மறுநாள் திரும்பி வந்து பாடியது.

"தனிமரத்தில் வாழும் எனக்கு யார் துணை? இனி உன் கிளையில் எனக்கும் ஓர் இடம் கொடு."

"தனி, இனி! எதுகை வந்துவிட்டது. ஆனால் குறள் வெண்பாவுக்கு ஏழு சீர்தானே? நீ அள்ளிக் கொட்டியிருக்கிறாய்! குறைத்துக்கொண்டு வா!"

அன்று பகல் முழுக்க மழை. சிட்டு நனைந்துகொண்டே சீர்களை எண்ணியது. மூன்றாம் நாள் வந்து பாடியது.

"தனிமரத்தில் வாழும் எனக்குத் துணையார்?
இனியுன் கிளையொன்று தா."

மரங்கொத்தி ஏழு தட்டுத் தட்டியது. துள்ளிக் குதித்தது. "குற்றமே இல்லை! சுத்தமான வெண்பா!"

"சரி, பதில்?" என்று கேட்டது சிட்டு.

"எதற்குப் பதில்?"

சிட்டு சிறகை விரித்தது. எதிர்க்கரை நோக்கிப் பறந்துபோனது.

மாலையில் மரங்கொத்திக்குப் பொழுது போகவில்லை. அந்த நல்ல வெண்பாவை மெல்லச் சொல்லிப் பார்த்தது. 'தா' என்ற கடைசிச் சீரில் அலகு அப்படியே நின்றது. "ஐயோ! என்னிடம் அல்லவா கேட்டிருக்கிறது!"

விழுந்தடித்துப் பறந்தது. எதிர்க்கரை மரம் காலியாக இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு புங்க மரத்தில் அணில்களுக்கு நடுவே சிட்டு உட்கார்ந்திருந்தது.

"சிட்டே, வந்துவிடு! எந்தக் கிளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்!"

"உன்னிடம் மூன்று நாள் கேட்டேன், அண்ணா," என்றது சிட்டு. "இவர்களிடம் பாடவே இல்லை. 'துணையில்லை' என்று சொல்லத் தொடங்கினேன், உடனே நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்கள்."

மரங்கொத்தி தன் இலுப்பை மரத்துக்குத் தனியாகத் திரும்பிப் போனது.

பாட்டின் இலக்கணம் கற்பது நல்லதுதான். ஆனால் பாடுகிறவர் என்ன கேட்கிறார் என்று காதில் வாங்காதவருக்கு அந்தப் படிப்பு துணைக்கு வராது.