உயிரியல் ஆசிரியர் வருவாரா?

புலிக்கல்மலை அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்திய ஆசிரியை மாறுதல் வாங்கிக்கொண்டு போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முந்தைய நாள், தலைமை ஆசிரியர் வீரபத்திரன் மலையிலிருந்து கீழே இறங்கி வந்தார். அடிவாரத்து ஊரில் மரகதவல்லி டீச்சர் இருந்தார். வீரபத்திரன் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் அவர்தான் தலைமை ஆசிரியை. உயிரியல் நடத்தியவர். வகுப்பில் எப்படி நிற்பது என்பது முதல் எல்லாமே அவரிடம் கற்றுக்கொண்டதுதான். இன்றும் மனம் குழம்பினால் வீரபத்திரனுக்குப் போக வேறு இடம் கிடையாது.

டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். சிறுநீரகம் பழுதாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கை வீங்கியிருந்தது.

"சொல்லுங்க தம்பி."

"பயாலஜி குரூப்பை நடத்தறதா, மூடறதான்னு தெரியலம்மா."

"இப்ப யார் நடத்தறா?"

"கெமிஸ்ட்ரி மாஸ்டர் புத்தகத்தை வாசிப்பார். பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி எழுதிடுவாங்க. எல்லாரும் பாஸ்."

"நுண்ணோக்கியில எதையாவது பாத்திருக்காங்களா?"

"அது பெட்டியிலதான் இருக்கு."

"நீட் எழுதினாங்களா?"

"எழுதினாங்க. ஒருத்தருக்கும் சீட் கிடைக்கல."

"ஆசிரியர் கேட்டீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் கேக்கறேன். உங்க ஸ்கூல்லதான் எல்லாரும் பாஸாச்சே, அப்புறம் என்ன அவசரம்னு கல்வி ஆபீஸ்ல கேக்கறாங்க."

வீரபத்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூடிட்டா மலையில ஒரு பிள்ளைக்கும் டாக்டருக்குப் படிக்க வழி கிடையாது. பயாலஜி எடுக்காம அந்தப் பரீட்சையே எழுத முடியாது. நடத்தினா, இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்றேன். எது சரி, நீங்கதான் சொல்லணும்."

"நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி இல்ல. நான் வரேன்."

"இந்த உடம்போட மலைக்கா?"

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

மறுநாள் காலை டீச்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். தலைமை ஆசிரியர் அறையில், அவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தவள் காசியம்மா. பத்தாம் வகுப்பில் அறிவியலில் அந்தப் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். கூடவே அவள் அப்பா சடையன் வந்து கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பயாலஜி குரூப் சார்," என்றாள் காசியம்மா.

"டாக்டராகணுமா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆமாங்க."

"ஏன்?"

அவள் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கக்காவுக்கு வலிப்பு வரும். கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா டாக்டர் வேகமா பேசுவாரு. அப்பாவுக்குப் புரியாது. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடுவாரு. வீட்டுக்கு வந்து, எந்த மாத்திரையை எப்பக் கொடுக்கறதுன்னு எங்கிட்ட கேப்பாரு. எனக்கும் தெரியாது."

சடையன் தரையைப் பார்த்தார்.

"இங்க பயாலஜிக்கு டீச்சர் இல்லம்மா," என்றார் மரகதவல்லி.

"தெரியுங்க. இங்க படிச்ச அக்காங்க சொன்னாங்க. டீச்சர் சீக்கிரம் வந்துடுவாங்கன்னு சார் சொன்னதாவும் சொன்னாங்க."

"சார் இங்கதானே இருக்கார். அவர்கிட்டயே கேளு."

காசியம்மா திரும்பினாள். "வருவாங்களா சார்?"

வீரபத்திரன் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். ஒவ்வொரு ஜூனிலும் அவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது நம்பித்தான் சொன்னார், அல்லது நம்பியதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா," என்றார்.

"தெரியலையா?" என்று கேட்டார் டீச்சர். குரல் உயரவில்லை.

வெளியே பிள்ளைகள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வீரபத்திரன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"வர மாட்டாங்கம்மா."

அவள் மரகதவல்லி பக்கம் திரும்பினாள்.

"நீங்க பயாலஜி டீச்சர்தானுங்களே?"

"ஆமா."

"நீங்க வருவீங்களா?"

"மாட்டேன்மா. இன்னிக்கு வந்ததே பெரிசு. என் உடம்புக்கு முடியாது."

"அப்ப கீழ இருக்கற ஸ்கூல்ல?"

"அங்க டீச்சர் இருக்காங்க. ஹாஸ்டலும் இருக்கு. நான் சொன்னா இன்னிக்கே சேத்துக்குவாங்க."

காசியம்மா அப்பாவைப் பார்த்தாள். சடையன் முதல்முறையாக வாய் திறந்தார்.

"இவ அம்மா செத்து மூணு வருசம் ஆச்சுங்க. நான் காட்டு வேலைக்குப் போயிடறேன். பெரியவளுக்கு எப்ப வலிப்பு வரும்னு சொல்ல முடியாது. சாயங்காலத்துல அடிக்கடி வரும். இவதான் கூட இருந்து புடிச்சுக்கறா. இவ கீழ போயிட்டா, ஒருநாள் அடுப்புல விழுந்துடுவாளுங்க."

"சொந்தக்காரங்க யாராவது?"

"யாரும் வர மாட்டாங்க. கேட்டுப் பாத்துட்டேன்."

டீச்சர் காசியம்மாவைப் பார்த்தார்.

அவள் வீரபத்திரன் பக்கம் திரும்பினாள். "ஹிஸ்டரி குரூப்புல போட்டுடுங்க சார். அதுல லேப் கிடையாது இல்லீங்களா? நேரத்தோட வீட்டுக்குப் போயிடலாம்."

வீரபத்திரன் அவள் பெயரை எழுதினார். அவள் நன்றி சொன்னாள். சடையன் கும்பிட்டார். இருவரும் வெளியே போனார்கள்.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். இனி டீச்சர் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீரபத்திரனே சொன்னார். ஆசிரியர் இல்லை, வர மாட்டார், புத்தகத்தை வாசித்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான் என்றார். ஒரு தாய் அவரைத் திட்டினாள். ஒரு தகப்பன், அப்புறம் எதற்கு இந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பையன் எங்கே சேர்வான் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானத்துக்குள் சேர்க்கை முடிந்தது. பயாலஜி குரூப்பில் ஒருவர்கூட இல்லை.

வீரபத்திரன் ஜன்னலருகே போய் நின்றார். வாசலுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் காசியம்மா இன்னும் இருந்தாள். மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். முதுகு குலுங்கியது. சடையன் இரண்டடி தள்ளி, என்ன செய்வது என்று தெரியாமல், அவள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் பாஸ், டீச்சர் எதுக்குன்னு இவ்வளவு நாள் கேட்டாங்க," என்றார் வீரபத்திரன். "இனிமே, பிள்ளைங்களே இல்ல, டீச்சர் எதுக்குன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"நீங்க வரலேன்னா அந்தப் பொண்ணு பயாலஜியில சேந்திருப்பா."

"ஆமா."

"ரெண்டு வருஷமாவது, டாக்டராகப் போறோம்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பா. அந்த நெனப்புலயே அக்காவையும் பாத்துக்கிட்டிருப்பா."

"ஆமா."

வீரபத்திரன் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"அப்ப எதுக்கும்மா அதைச் சொல்ல வெச்சீங்க? இப்படி அழ விடறதுக்கா?"

மரகதவல்லி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். மூச்சு வாங்கியது. ஜன்னலுக்கு வந்து, அவர் பக்கத்தில் நின்று வெளியே பார்த்தார்.

"இவ நம்ம வாசல்ல நின்னு அழறா தம்பி. இதுக்கு முன்னாடி படிச்சிட்டுப் போன பிள்ளைங்கல்லாம் எங்க போய் நின்னு அழுதாங்க?"

வீரபத்திரனுக்கு அது தெரியாது.